கறுப்பு காருக்கு பாலிஷா, வாக்ஸா? காவலூர் கண்ணாடியில இருந்து ஒரு பாடம்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

போன வாரம் டேட்டாபேஸ் பத்தி பேசினோம். இந்த வாரம் முழுக்க வேற சப்ஜெக்ட், கார் பெயிண்ட். காரணம் ஜமுனாமரத்தூர்ல இருந்து வந்த ஒரு மெசேஜ். ஜவ்வாது மலை மேல இருக்கிற ஊரு, தெரியாதவங்களுக்காக சொல்றேன். அதை அப்படியே படிக்கிறேன்.

"அண்ணா, எங்க வீட்டுக்கு முதல் கார் வாங்கியிருக்கேன். செகண்ட் ஹேண்ட், கறுப்பு கலர். நிழல்ல நல்லாத்தான் இருக்கு, வெயில்ல நிறுத்தினா சிலந்தி வலை மாதிரி கோடு கோடா தெரியுது. கீழ ஒரு கடையில 'ஃபுல் ரப்பிங் பாலிஷ் போட்டு செராமிக் அடிச்சா புதுசு ஆயிடும், அஞ்சு வருஷத்துக்குத் தொட வேண்டாம்'னு சொல்றாங்க. அவங்க சொல்ற தொகை என்னோட ரெண்டு மாச சம்பளம். இன்னொருத்தர் 'ஒரு டப்பா வாக்ஸ் போதும்'ங்கிறார். யாரை நம்புறது? இன்னொண்ணு, எங்க மலையில தேன்மெழுகு கிடைக்கும், அதையே காருக்குப் போடலாமா?"

தம்பி, நல்ல கேள்வி. ரெண்டு மாச சம்பளம் சின்ன விஷயம் இல்ல. ஆனா இதுல பணத்தை விட பெரிய ரிஸ்க் ஒண்ணு இருக்கு. பணம் போனா மறுபடி சம்பாதிக்கலாம். காரோட மேல் பூச்சு போனா, தேய்ச்சு திரும்பக் கொண்டு வர முடியாது. அதனால அந்தப் பூச்சுல இருந்தே ஆரம்பிப்போம்.

ஏ4 தாள்ல பாதி

இன்னைக்கு வர்ற பெரும்பாலான கார்கள்ல பெயிண்ட் ஒரே லேயர் கிடையாது. முதல்ல இரும்புத் தகடு. அது மேல துரு பிடிக்காம இருக்க மின்சார முறையில ஏத்துற ஒரு பூச்சு. அது மேல பிரைமர். அதுக்கு மேல பேஸ் கோட், இதுலதான் கலர் இருக்கு. எல்லாத்துக்கும் மேல நிறமே இல்லாத கிளியர் கோட். நீங்க கையால தொடுறது, துடைக்கிறது, வாக்ஸ் போடுறது எல்லாமே இந்த கிளியர் கோட் மேலதான். உங்க கை கறுப்பு பெயிண்ட்டைத் தொடுறதே இல்ல.

இது எவ்வளவு தடிமன்? கம்பெனியில இருந்து வர்றப்போ சுமாரா 35ல இருந்து 50 மைக்ரான். மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு. ஜெராக்ஸ் கடையில இருக்கிற ஒரு ஏ4 தாள் கிட்டத்தட்ட 100 மைக்ரான். அப்போ உங்க காரோட பளபளப்பு, வெயிலுக்கான பாதுகாப்பு எல்லாம் அந்தத் தாள்ல பாதி தடிமனுக்குள்ளதான் இருக்கு.

வெயில்ல இருக்கிற யூ.வி. கதிரைத் தடுக்கிற பொருளும் இந்த கிளியர் கோட்டுக்குள்ளதான் கலந்திருக்கும். தேய்க்கத் தேய்க்க அது மெலிசாகும். ஒரு அளவுக்கு மேல மெலிசானா, கொஞ்ச வருஷத்துல பானெட்லயும் கூரையிலயும் வெள்ளை வெள்ளையா உரிய ஆரம்பிக்கும். ரோட்டுல பழைய கார்கள்ல பாத்திருப்பீங்க, தோல் உரிஞ்ச மாதிரி இருக்கும். அந்த நிலைக்கு வந்த பிறகு எந்த பாலிஷும் உதவாது. ரீபெயிண்ட் மட்டும்தான் வழி.

எங்க பாஷையில சொல்லணும்னா, கிளியர் கோட் ஒரு ரீட்-ஒன்லி பேலன்ஸ் மாதிரி. டெபாசிட் பண்ண முடியாது, எடுக்க மட்டும்தான் முடியும். ஒவ்வொரு பாலிஷும் ஒரு வித்டிராயல்.

கறுப்பு மட்டும் ஏன் காட்டிக் கொடுக்குது?

வெள்ளை கார்லயும் இதே கீறல் எல்லாம் இருக்கும். ஆனா கண்ணுக்குத் தெரியாது. ஏன்?

ஒரு சின்ன கணக்கு போடுவோம். வெள்ளை பெயிண்ட் மேல 100 பங்கு வெளிச்சம் விழுந்தா, சுமார் 80 பங்கை எல்லா திசையிலயும் சிதறடிச்சு திருப்பி அனுப்பும். கறுப்பு பெயிண்ட் பெரும்பாலானதை விழுங்கிடும், ஒண்ணு ரெண்டு பங்குதான் சிதறும். இப்போ ஒரு மெல்லிய கீறல் விழுதுன்னு வைங்க. கீறலோட விளிம்புல வெளிச்சம் பட்டு, உதாரணத்துக்கு ஒரு பங்கு உங்க கண்ணுக்கு வருது. வெள்ளையில 80 இருந்தது 81 ஆச்சு, யாருக்கும் தெரியாது. கறுப்புல 1 இருந்தது 2 ஆச்சு. டபுள்! கீறல் ஒண்ணுதான், பின்னணி வேற. சிக்னல்-டு-நாய்ஸ் படிச்சவங்களுக்கு இது உடனே புரியும்.

ஜவ்வாது மலையில இருக்கிறவங்களுக்கு இதை விட நல்ல உதாரணம் பக்கத்துலயே இருக்கு. ஆலங்காயத்துல இருந்து மலை ஏறினா காவலூர். அங்கதான் வைணு பாப்பு வானாய்வகம். சென்னையில ராத்திரி மொட்டை மாடியில நின்னா விரல் விட்டு எண்ணுற அளவுக்குத்தான் நட்சத்திரம் தெரியும். காவலூர்ல அதே வானம் நிறைஞ்சு கிடக்கும். நட்சத்திரம் கூடல, பின்னணி இருட்டாச்சு. அந்த இருட்டுக்காகத்தான் மலையில, காட்டு நடுவுல கொண்டு போய் அதை வெச்சாங்க. உங்க கறுப்பு பானெட்டும் ஒரு இருட்டு வானம்தான். என்ன, அதுல தெரியிறது கீறல்.

அந்தச் சிலந்தி வலை வட்டமா தெரியுதே, அதுக்கும் காரணம் இருக்கு. கீறல் எல்லாம் வட்டமா விழுந்ததில்ல, கண்ட திசையிலயும் இருக்கும். சூரியனைச் சுத்தி சரியான கோணத்துல அமைஞ்ச கீறல் மட்டும்தான் வெளிச்சத்தை உங்க கண்ணுக்கு அனுப்பும், அதனால மொத்தமா பாக்கும்போது வட்டமா தெரியும். நீங்க ரெண்டு அடி நகர்ந்தா அந்த வட்டமும் உங்க கூடவே நகரும். செய்து பாருங்க.

காவலூர் கண்ணாடி: ஒரு தடவை தேய், பல தடவை பூசு

காவலூர் பேச்சு வந்ததால அங்கயே கொஞ்சம் நிக்கிறேன். பாலிஷுக்கும் வாக்ஸுக்கும் உள்ள வித்தியாசத்தை இதை விட தெளிவா காட்டுற பொருள் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

அங்க இருக்கிற பெரிய தொலைநோக்கியோட கண்ணாடி 2.34 மீட்டர் அகலம். ஒரு ஆள் ரெண்டு கையையும் விரிச்சாலும் எட்டாது. 1986 ஜனவரி 6ஆம் தேதி அப்போதைய பிரதமர் ராஜீவ் காந்தி அதைத் திறந்து வெச்சார். அந்த முயற்சிக்குப் பின்னால இருந்த வானியலாளர் வைணு பாப்பு 1982லயே காலமாயிட்டார். அதனால அவர் பேரையே வெச்சாங்க. அந்தக் கண்ணாடியைத் தேய்ச்சு மெருகேத்தினது நம்ம ஊர்லயே, பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தோட பட்டறையில.

அந்த மாதிரி கண்ணாடி செய்யறது ரெண்டு தனித்தனி வேலை. முதல் வேலை தேய்க்கிறது. பெரிய துகள்ல ஆரம்பிச்சு, படிப்படியா சின்னத் துகளுக்கு வந்து, கடைசியில மேடுபள்ளம் ஒளியோட அலைநீளத்துல ஒரு சின்னப் பங்குக்குள்ள வர்ற வரைக்கும் மெருகேத்துவாங்க. ஒளியோட அலைநீளமே அரை மைக்ரான் அளவுதான். ரெண்டாவது வேலை பூசுறது. மெருகேத்தின கண்ணாடியை வெற்றிடத் தொட்டிக்குள்ள வெச்சு, அலுமினியத்தை ஆவியாக்கி, சுமாரா 0.1 மைக்ரான் தடிமனுக்கு ஒரு படலம் படிய வைப்பாங்க.

இப்போ முக்கியமான விஷயம். அந்த அலுமினியப் படலம் காலப்போக்குல மங்கும். மங்கினா அதைக் கழுவி எடுத்துட்டு புதுசா பூசுவாங்க. ஆனா கண்ணாடியை மறுபடி தேய்க்க மாட்டாங்க! தேய்ச்சு வந்த வடிவம்தான் சொத்து. பூச்சு செலவழிக்கிறதுக்காகவே இருக்கிறது.

கார்லயும் அதே கதைதான். பாலிஷ்னா தேய்க்கிற வேலை, கிளியர் கோட்டுல இருந்து கொஞ்சம் எடுக்குது. வாக்ஸ், சீலன்ட், செராமிக் எல்லாம் பூசுற வேலை, மேல கொஞ்சம் சேர்க்குது, அது நாளாவட்டத்துல போயிடும். பாலிஷ் அபூர்வமா, வாக்ஸ் அடிக்கடி. இன்னைக்கு எபிசோட்ல ஒரே ஒரு வரி ஞாபகம் வெச்சா இதை வெச்சுக்கோங்க.

இன்னொரு பாடமும் இருக்கு. பொதுவா பெரிய தொலைநோக்கி கண்ணாடி மேல தூசி விழுந்தா, யாரும் துணி எடுத்து தினமும் துடைக்க மாட்டாங்க. தூசியால வெளிச்சம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். துடைச்சா கீறல் விழும், அது நிரந்தரம். இதை தினமும் காலையில மஞ்சள் துணியோட கார்கிட்ட போற நம்ம ஆட்களுக்கு யாராவது சொல்லணும்.

டப்பா மேல என்ன எழுதியிருக்குன்னு நம்பாதீங்க

கடையில பெரிய குழப்பம் பேர்லதான். 'பாலிஷ்'னு எழுதின டப்பாவுல வாக்ஸ் இருக்கும். 'வாக்ஸ்'னு எழுதினதுல தேய்க்கிற துகளும் இருக்கும். த்ரீ எம், மெக்வயர்ஸ், டர்டில் வாக்ஸ், ஃபார்முலா 1, வேவெக்ஸ்னு எந்த பிராண்ட் எடுத்தாலும், முன்பக்கத்தை விட்டுட்டு பின்பக்கத்தைப் படிங்க. மூணு வகையா பிரிச்சுக்கலாம்.

முதல் வகை காம்பவுண்ட். நம்ம ஊர்ல 'ரப்பிங்'னு சொல்றது இதுதான். கரடுமுரடான துகள், நிறைய வெட்டும். ஆழமான கீறலுக்கு மட்டும்.

ரெண்டாவது, உண்மையான பாலிஷ். அலுமினியம் ஆக்சைடு மாதிரி நுண்ணிய துகள் இருக்கும். கொஞ்சமா வெட்டி, காம்பவுண்ட் விட்ட மங்கலை எடுத்து, பளபளப்பைக் கொண்டு வரும்.

மூணாவது கிளேஸ், ஃபில்லர் வகை. இது எதையும் வெட்டாது. எண்ணெய்ப்பசை மாதிரி ஒண்ணு கீறலுக்குள்ள போய் உக்காந்து மறைச்சிடும். கறுப்பு கலரே கலந்து வர்ற 'பிளாக் வாக்ஸ்' பெரும்பாலும் இந்த வேலையும் சேர்த்துத்தான் செய்யுது. இதுல தப்பு ஒண்ணும் இல்ல, மெல்லிய கீறல் இருக்கிற பழைய காருக்கு நல்ல வழியும் கூட, ஏன்னா கிளியர் கோட் செலவாகல. ஆனா நாலு தடவை கழுவினா கீறல் திரும்ப எட்டிப் பாக்கும். அது தெரிஞ்சு வாங்கினா சரி. 'கீறலை எடுத்துட்டோம்'னு சொல்லி காம்பவுண்ட் ரேட்டுக்கு இதைப் போட்டா, அது ஏமாத்து.

வாக்ஸ் குடும்பம்: தேன்மெழுகுல இருந்து செராமிக் வரைக்கும்

இப்போ தேன்மெழுகு கேள்விக்கு வருவோம். மலையில தேன் எடுக்கிற வீடுகள்ல மெழுகு மிச்சமாகும், அதை காருக்கே போட்டா என்னன்னு தோணுறது நியாயம். பிரச்சினை உருகுநிலையில இருக்கு. தேன்மெழுகு 62ல இருந்து 64 டிகிரியில உருகிடும். கறுப்பு பானெட் ஏப்ரல், மே வெயில்ல 70 டிகிரியைத் தொடுறது சாதாரணம். மேல குளிர்ச்சியா இருந்தாலும், நீங்க வாணியம்பாடிக்கோ வேலூருக்கோ இறங்கி ஒரு மணி நேரம் வெயில்ல நிறுத்தினா மெழுகு இளகி பிசுபிசுன்னு ஆகும். தூசி வந்து ஒட்டும். அந்தத் தூசியைத் துடைச்சா கீறல். அதனால தனி தேன்மெழுகு காருக்கு வேண்டாம். கதவு, மேசை, செருப்புத் தோல் இதுக்கெல்லாம் அருமையான பொருள். கார் வாக்ஸ் சிலதுல தேன்மெழுகை மத்த மெழுகு கூட கலந்து, குழைவா வர்றதுக்குப் போடுவாங்க, அது வேற.

கார் உலகத்துல ராஜான்னா கார்னூபா. வடகிழக்கு பிரேசில்ல வளர்ற ஒரு பனை வகை மரத்தோட இலையில இருந்து எடுக்கிற மெழுகு. வறண்ட வெயில்ல தண்ணி ஆவியாகாம இருக்க அந்த மரம் தனக்குத்தானே பூசிக்கிற கவசம். உருகுநிலை 82 டிகிரிக்கு மேல. இயற்கை மெழுகுகள்ல ரொம்ப கெட்டியானது, சுத்தமான கட்டியை நகத்தால கீறவே கஷ்டம். அதனாலதான் கரைப்பானும் எண்ணெயும் மத்த மெழுகும் சேர்த்து பேஸ்ட்டா விக்கிறாங்க. '100 சதவீதம் கார்னூபா'ன்னு டப்பாவுல போட்டா, டப்பா முழுக்க கார்னூபான்னு அர்த்தம் எடுத்துக்காதீங்க. அப்படி இருந்தா நீங்க உளி வெச்சுத்தான் எடுக்கணும். கறுப்பு காருக்கு கார்னூபா ஒரு ஈரமான ஆழத்தைக் கொடுக்கும்னு ரசிகர்கள் சொல்வாங்க. ஆயுள் கம்மி, நம்ம வெயிலுக்கு நாலுல இருந்து எட்டு வாரம்.

அடுத்து சிந்தெடிக் சீலன்ட். மெழுகுக்குப் பதிலா பாலிமர். நாலு முதல் ஆறு மாசம் நிக்கும். ஷோரூம்ல 'டெஃப்லான் கோட்டிங்'னு விக்கிறது பெரும்பாலும் இந்தக் குடும்பம்தான். டெஃப்லான் உருகுறதே சுமார் 327 டிகிரியில. தோசைக்கல்லுல அதை ஒட்ட வைக்க அந்த மாதிரி சூடு குடுக்கணும். கார் பெயிண்ட்டுக்கு அந்தச் சூடு குடுத்தா கார் மிஞ்சாது. அதனால பேரைப் பாத்து கூடுதல் காசு குடுக்க வேண்டாம்.

கடைசியா செராமிக் கோட்டிங். சிலிக்கா அடிப்படையிலான திரவம், காய்ஞ்சதும் கிளியர் கோட் மேல கெட்டியா பிடிச்சுக்கும். தண்ணி நிக்காம ஓடும், அழுக்கு சீக்கிரம் கழுவிப் போகும். நல்லா போட்டு நல்லா பராமரிச்சா ரெண்டு மூணு வருஷம் வரும். ஆனா தடிமன் ஒண்ணு ரெண்டு மைக்ரான் அளவுதான். 9ஹெச்ங்கிற எண் பென்சில் கடினத்தன்மைச் சோதனையில வர்றது, வைரத்துக்கு 10ன்னு சொல்ற மோஸ் அளவு வேற. மணல் துகள் மோஸ் அளவுல 7. அது செராமிக்கையும் தாராளமா கீறும். கல் தெறிச்சா தாங்காது. அதுக்கு 150, 200 மைக்ரான் தடிமன் இருக்கிற பி.பி.எஃப். ஃபிலிம் வேணும், அது இன்னும் பெரிய செலவு.

'அஞ்சு வருஷம் தொட வேண்டாம்'ங்கிறதுல சிக்கல் இங்கதான். செராமிக் போட்ட காரையும் ஒழுங்கா கழுவியே ஆகணும். இன்னொரு விஷயம், செராமிக் கீறலை மறைக்காது. அது கண்ணாடி மாதிரி, கீழ இருக்கிறதை அப்படியே பூட்டி வெச்சிடும். அதனாலதான் கடைக்காரர்கள் அதுக்கு முன்னாடி கனமா ரப்பிங் போடுறாங்க. அந்த ரப்பிங்லதான் உங்க ஏ4 தாளோட பாதி கரையுது.

கடையில பணம் குடுக்குறதுக்கு முன்னாடி

ஒண்ணு. பழைய கார்னா பெயிண்ட் தடிமன் மீட்டர் வெச்சு அளக்கச் சொல்லுங்க. கம்பெனி பெயிண்ட் மொத்தமா சுமார் 100ல இருந்து 140 மைக்ரான் காட்டும். ஒரு பேனல் மட்டும் 250, 300 காட்டினா ரீபெயிண்ட். மத்ததை விட நல்லாவே கம்மியா காட்டினா ஏற்கனவே யாரோ நிறைய தேய்ச்சிருக்காங்க. அங்க மெஷினே வைக்க வேண்டாம். மீட்டர் இல்லாத கடையில கனமான ரப்பிங் கொடுக்காதீங்க, கண்ணைக் கட்டிட்டு புரொடக்‌ஷன்ல கோட் மாத்துற மாதிரி அது.

ரெண்டு. மெஷின் எதுன்னு கேளுங்க. ஒரே அச்சுல சுத்துற ரோட்டரி மெஷின் வேகமா வெட்டும். கை தப்பினா விளிம்புகள்ல பெயிண்ட் போயிடும், கறுப்புல ஹோலோகிராம் மாதிரி அலை அலையா தடம் விடும். ஆடிக்கிட்டே சுத்துற டூயல் ஆக்‌ஷன் மெஷின் மெதுவா வேலை செய்யும், பத்திரம்.

மூணு. முதல்ல ஒரு அடிக்கு ஒரு அடி இடத்துல மட்டும் செஞ்சு காட்டச் சொல்லுங்க. லேசான பாலிஷ், மெத்துன்னு ஒரு பேட், இதுல இருந்து ஆரம்பிக்கணும். அதுல வேலை முடிஞ்சா மேல போக வேண்டிய அவசியமே இல்ல.

நாலு. இதுதான் என் ஃபேவரிட். பாலிஷ் முடிஞ்ச இடத்தை ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தண்ணியில கலந்து துடைக்கச் சொல்லுங்க. எண்ணெய், ஃபில்லர் எல்லாம் போயிடும். அதுக்கப்புறம் மொபைல் டார்ச் அடிச்சுப் பாருங்க. கீறல் உண்மையிலயே போச்சா, இல்ல ஒளிஞ்சிருந்ததான்னு பத்து செகண்ட்ல தெரிஞ்சிடும். யோக்கியமான கடைக்காரர் இதுக்கு சிரிச்சுக்கிட்டே ஒத்துக்குவார்.

கீறல் எங்க இருந்து வருது?

பெரும்பாலான கீறல் ரோட்டுல விழுறது இல்ல, வீட்டு வாசல்ல விழுது. காய்ஞ்ச தூசி மேல துணியை இழுக்கிறப்போ. மலை ரோட்டுச் செம்மண் தூசி, அதுல கலந்த மணல், அது மேல ஒரு துணி, அதுக்கு மேல உங்க கை அழுத்தம். உப்புத்தாள் வீட்டுலயே ரெடி.

சரியான முறை ரொம்ப சிம்பிள். நிழல்ல நிறுத்துங்க, பானெட் ஆறட்டும். முதல்ல தண்ணி மட்டும் ஊத்தி மண்ணை இறக்குங்க, கை வைக்காதீங்க. அப்புறம் ரெண்டு பக்கெட். ஒண்ணுல கார் ஷாம்பு, இன்னொண்ணுல வெறும் தண்ணி. மைக்ரோஃபைபர் கையுறையை ஒரு பேனல் முடிஞ்சதும் வெறும் தண்ணியில அலசிட்டுத்தான் மறுபடி ஷாம்புல முக்கணும். கூரையில ஆரம்பிச்சு கீழ வாங்க, வீல் கடைசி. நேர் கோட்டுல துடைங்க. தண்ணியை ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க.

தலைக்குப் போடுற ஷாம்பு பாக்கெட், பாத்திரம் கழுவுற லிக்விட் ரெண்டும் அவசரத்துக்கு பெயிண்ட்டைக் கெடுத்திடாது, ஆனா போட்ட வாக்ஸைக் கரைச்சு எடுத்துட்டுப் போயிடும். டிரைவர்கள் சில பேர் டீசல்லயும் மண்ணெண்ணெய்லயும் துடைப்பாங்க. அந்த நேரத்துக்கு மினுமினுக்கும். அதுவும் வாக்ஸைக் கரைக்கும், மிச்ச எண்ணெய்ல தூசி ஒட்டும், ரப்பர் பீடிங் கெட்டுப் போகும். வேண்டாம்.

தண்ணியும் முக்கியம். கீழ சமவெளியில போர் தண்ணி பல இடத்துல ரொம்ப கடினமா இருக்கும், குக்கர்ல வெள்ளைப் படலம் விடுற அதே தண்ணி. கறுப்பு கார் மேல அது தானா காய்ஞ்சா வெள்ளை வட்டம் விடும். வாக்ஸ் போட்ட கார்ல தண்ணி முத்து முத்தா நிக்கிறதைப் பாத்து சந்தோஷப்படுறோம், ஆனா கடினத் தண்ணியில ஒவ்வொரு முத்தும் ஒரு வட்டம். உடனே ஒத்தி எடுத்துடுங்க. புது வட்டம்னா, வெள்ளை வினிகரை தண்ணியில நல்லா கலந்து துடைச்சு உடனே அலசினா பெரும்பாலும் போயிடும். பிடிச்சு வெச்ச மழைத் தண்ணி இருந்தா, கடைசி அலசலுக்கு அதை விட நல்லது இல்ல, அதுல உப்பே கிட்டத்தட்ட கிடையாது.

மலையில இன்னொரு தொல்லை, மரத்தடி. நிழலுக்குன்னு பலா மரத்தடியில, புளிய மரத்தடியில நிறுத்துவோம். பிசின், பறவை எச்சம், தேனீ விடுற மஞ்சள் புள்ளி எல்லாம் விழும். பறவை எச்சம் வெயில்ல சூடான பெயிண்ட்டை சில மணி நேரத்துலயே அரிக்கும். சுரண்டாதீங்க. ஈரத் துணியை அது மேல ரெண்டு நிமிஷம் போட்டு ஊற விட்டு எடுங்க. வாக்ஸோட உண்மையான வேலை இங்கதான். எச்சம் முதல்ல வாக்ஸைத் தின்னும், அந்த நேரத்துக்குள்ள நீங்க வந்து துடைச்சிடலாம்.

சரி, தம்பி என்ன செய்யணும்?

ரெண்டு மாச சம்பளத்தை இப்போ எடுக்க வேண்டாம். முதல்ல ஒழுங்கா கழுவுங்க. கீறலை ஈரமாக்கிப் பாருங்க. ஈரத்துல மறைஞ்சா அது கிளியர் கோட்டுக்குள்ள இருக்கிற மேலோட்டமான கீறல், லேசான பாலிஷ் எடுத்துடும். நகத்தை வெச்சு இழுத்தா தடுக்குதா? அப்போ அது ஆழம். அதைத் துரத்திக்கிட்டுப் போகாதீங்க, அப்படியே விட்டுடுங்க.

தடிமன் அளந்து, சரியா இருந்தா, ஒரே ஒரு தடவை டூயல் ஆக்‌ஷன் மெஷின்ல லேசான பாலிஷ் போடச் சொல்லுங்க. நூறு சதவீதம் கீறல் போகணும்னு கேக்காதீங்க. எழுபது போனாலே வெயில்ல கார் வேற மாதிரி தெரியும். மிச்ச முப்பதுக்காக குடுக்குற கிளியர் கோட்தான் விலை அதிகம். தினமும் மலை ரோட்டுல ஓடுற காருக்கு அது வீண்.

அதுக்கு மேல ஒரு சிந்தெடிக் சீலன்ட், மழைக்காலத்துக்கு முன்னாடி ஒரு தடவை, கோடைக்கு முன்னாடி ஒரு தடவை. விசேஷத்துக்கு பளபளன்னு வேணும்னா அது மேல கார்னூபா. இது எல்லாமே வீட்டுலயே கையால போடலாம். நிழல்ல, ஆறின பேனல்ல, ரொம்ப மெலிசா. தடிமனா போட்டா பாதுகாப்பு கூடாது, துடைக்கிற வேலைதான் கூடும். லேசா மங்கினதும் விரலால ஒரு கோடு இழுங்க, சுத்தமா வந்தா துடைக்கலாம். கறுப்பு பிளாஸ்டிக் பாகத்துல படாம பாத்துக்கோங்க, வெள்ளையா தங்கிடும்.

செராமிக் தப்புன்னு சொல்லல. புது கார், மூடின ஷெட், கழுவ நேரம், அதெல்லாம் இருக்கிறவங்களுக்கு அது நல்ல பொருள். உங்க சூழ்நிலைக்கு அந்தக் காசுல நாலு நல்ல டயர் பத்தி யோசிக்கலாம். மலை இறங்குற வண்டிக்கு அதுதான் முதல் பாலிஷ்.

சுருக்கமா சில கேள்விகள்

*ரீபெயிண்ட் பண்ண பேனலுக்கு உடனே வாக்ஸ் போடலாமா?* வேண்டாம். புது பெயிண்ட்டுக்குள்ள இருக்கிற கரைப்பான் வெளிய போகணும். பெயிண்ட் கடையில கேட்டு, ஒண்ணுல இருந்து மூணு மாசம் பொறுங்க.

*பாலிஷ் போடும்போது துணியில கறுப்பு வருது, பயமா இருக்கு.* சில பழைய வண்டிகள்லயும், சில டிங்கரிங் கடை பெயிண்ட்லயும் கிளியர் கோட்டே இருக்காது. அப்போ கலர்தான் வரும், அது இயல்பு. ஆனா உங்களுது கிளியர் கோட் இருக்கிற கார்னு உறுதியா தெரிஞ்சு கறுப்பு வந்தா, உடனே நிறுத்துங்க. கிளியர் கோட் தாண்டிட்டீங்க.

*கார்னூபா மேல சீலன்ட் போடலாமா?* வரிசை மாறிப் போச்சு. சீலன்ட் நேரடியா பெயிண்ட்டைப் பிடிக்கணும், கீழ மெழுகு இருந்தா ஒட்டாது. சீலன்ட் முதல்ல, கார்னூபா மேல.

*எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை பாலிஷ்?* தேதி வெச்சு பண்ணாதீங்க. தேவை வந்தா பண்ணுங்க. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை 'பேக்கேஜ்'ல ரப்பிங் சேர்த்து குடுத்தா, வாட்டர் வாஷும் வாக்ஸும் மட்டும் போதும்னு சொல்லிடுங்க. ஃப்ரீயா குடுத்தாலும் ரப்பிங் வேண்டாம்.

அடுத்த வாரம் மறுபடி நம்ம ரெகுலர் டெக் எபிசோட், பேக்கப் எடுக்கிறது பத்தி. கறுப்பு கார் வெச்சிருக்கிற ஃப்ரெண்டு யாராவது சர்வீஸுக்கு விடப் போறாங்கன்னா, அதுக்கு முன்னாடி இந்த எபிசோடை அனுப்பிடுங்க.